பின்சில்லு ஏன் முனகுகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டினால் காரின் பின்பக்கம் ஊம்ம்… என்று ஒரு முனகல். பின் டயர் இரண்டையும் மாத்தியாச்சு. சத்தம் போகேல்ல. என்னவாயிருக்கும்?”

மீன் பாடினால் மட்டக்களப்புக்குப் பெருமை. சில்லு பாடினால் செலவு. ஆனால் எவ்வளவு செலவு என்பதைக் கராஜுக்குப் போகுமுன் ஓரளவு நாமே அறியலாம். ஆளில்லாத நேரான வீதியில் கியரை நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். எஞ்சினின் இரைச்சல் தணிந்த பிறகும் முனகல் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறையத் தணிந்தால் அது சில்லுப் பக்கத்துச் சத்தம்தான்.

அடுத்தது எண்ணிக்கை. சில்லு ஒரு தடவை சுற்ற ஒரு ‘டிக்’ என்றால் டயர்ப் பள்ளத்தில் கல் மாட்டியிருக்கும். மழை இரவுக்குப் பிறகு காலையில் கர்ர் என்று உரசி, நாலு பிரேக்கில் மறைந்தால் டிரம்மில் பிடித்த துரு, விட்டுவிடலாம். மெதுவாகப் போகும்போது ‘லொடக் லொடக்’ என்றால் உடனே நிறுத்திச் சில்லு நட்டுகளைப் பாருங்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது. காபட் வீதியிலிருந்து கிறவல் வீதிக்கு இறங்கியதும் முனகலின் குரல் மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம். டயரைத் தடவிப் பார்க்கையில் மேடும் பள்ளமுமாக இருந்தால் சொக் அப்சோபர் தளர்ந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படித்தான் தேயும்.

வீதி மாறியும் குரல் மாறாத முனகல் ஒன்று உண்டு. அதுதான் சில்லைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங். இந்தக் கட்டுரையை எழுத வந்ததே அதற்காகத்தான்.

இரண்டு இரும்பு வளையங்கள், நடுவில் குண்டுகள். சில கார்களில் உள்வளையம் சுற்றும், சிலவற்றில் வெளிவளையம். உள்வளையம் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். சில்லு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது குண்டுகளின் வரிசையும் ஒரு சுற்று வந்துவிடுமா? வராது. கடற்கரையில் உருளைக் கட்டைகளின் மேல் தோணியைத் தள்ளிக் கரையேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தோணி இரண்டு முழம் நகர்ந்தால் அடியிலுள்ள கட்டை ஒரு முழம்தான் நகரும். குண்டுகளும் அப்படியே பாதி வேகத்தில் பின்தங்குகின்றன. அதோடு, குண்டு ஓடும் பாதை உள்வளையத்தை விடப் பெரிய வட்டம் என்பதால், பாதிச் சுற்றைக்கூட அது முடிப்பதில்லை. பல பெயாரிங்குகளில் அது ஏறத்தாழ 0.4 சுற்று.

இப்போது அசையாத வெளிவளையத்தில் ஒரு சின்னக் குழி விழுந்துவிட்டது என்போம். ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு. 12 குண்டுகள் இருந்தால் சில்லின் ஒரு சுற்றுக்கு 12 × 0.4, அதாவது 4.8 தட்டு. முழு எண்ணே கிடையாது! டயர்க் கல்லின் தாளம் சில்லோடு ஒட்டி நிற்கும், பெயாரிங்கின் தாளம் ஒருபோதும் ஒட்டாது. குழி உள்வளையத்தில் என்றால் மிச்சமுள்ள 7.2 தட்டு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், குண்டுகளின் எண்ணிக்கை 12 வந்துவிடும். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

14 அங்குல ரிம் போட்ட சிறிய காரின் சில்லு மணிக்கு 60 கிலோமீற்றரில் விநாடிக்குச் சுமார் ஒன்பதரைச் சுற்றுச் சுற்றும். வெளிவளையக் குழி என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 46 தட்டு. அவ்வளவு விரைவாக வரும் தட்டுகளைக் காது தனித்தனியாகப் பிரிக்காது, ஒரே முனகலாகக் கேட்கும். உள்வளையக் குழியோ சுமை தாங்கும் பக்கத்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வந்து போவதால், முனகல் அலையலையாக ஏறி இறங்கும்.

வழவழப்பான உருக்கில் குழி எப்படி விழுகிறது? குண்டும் வளையமும் தொடும் இடம் மிகச் சிறியது, அங்கே அழுத்தம் பயங்கரம். இதை 1881இல் கணக்கிட்டவர் ஹைன்ரிஹ் ஹேர்ட்ஸ். வானொலி அலைகளுக்காக நாம் அறிந்த அதே ஹேர்ட்ஸ்தான், அப்போது வயது 24கூட நிரம்பவில்லை. கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கப் போய்க் கண்டது, இன்று நம் பின்சில்லுக்குப் பயன்படுகிறது. அரசுகள் “இதால் உடனே என்ன லாபம்?” என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வில்லைகள் நினைவுக்கு வரும். உருக்கை வழுக்கி வெட்டப் பார்க்கும் வெட்டுத் தகைப்பின் உச்சம் மேற்பரப்பில் அல்ல, சற்று உள்ளே விழுகிறது என்பதும் அந்தக் கணக்கிலிருந்து வருவதே. அதனால்தான் வெடிப்பு உள்ளே தொடங்கி, ஒருநாள் மேலே செதிலாகப் பெயர்கிறது. கண்ணூறு என்று பம்பரில் எலுமிச்சங்காய் கட்டுவது உங்கள் விருப்பம். உள்ளே வெடித்த உருக்குக்கு அது கேட்காது.

எந்தப் பக்கம் என்பதில் காதை நம்பாதீர்கள், காரின் உடல் சத்தத்தைக் கடத்தி ஏமாற்றும். வளைவில் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சில்லுகளில் விழும். அப்போது முனகல் கூடினால் வலப் பெயாரிங். பிறகு முன்சில்லுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின்சில்லை ஜக்கில் தூக்கி, ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சில்லைச் சுற்றுங்கள். கெட்ட பெயாரிங் மணல் அரைபடுவது போல விரலில் உறுத்தும். காருக்கு அடியில் மட்டும் போகாதீர்கள்.

நம் பக்கத்தில் இது மாரிக்குப் பின்தான் அதிகம். ஓடிச் சூடான ஹப், அதாவது பெயாரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதி, படுவான்கரை வீதி வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரைத் தடுக்கும் சீலின் ஓரத்தால் தண்ணீரை இழுக்கும். கிரீஸ் பால்போல வெளுத்து வழுக்குத்தன்மையை இழக்கும், துரு பிடிக்கும், வாரங்கள் கழித்துத்தான் சத்தம் வரும். அதற்குள் வெள்ளத்தை நாம் மறந்திருப்போம். சில்லு முழுகும் தண்ணீரில் இறங்க வேண்டியே வந்தால், முதலில் சற்று நேரம் காரை ஆறவிட்டு மெதுவாகப் போங்கள். சேர்விஸில் கழுவும்போது பிரஷர் குழாயை ஹப்பின் நடுவில் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.