மாதிரி நிரலை அப்படியே ரிசப்ஷனில் ஓட்டாதீர்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் விடுதி, கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர் போன்ற இடங்களுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை செய்து கொடுக்கிறேன். ஒரே கோரிக்கை அடிக்கடி வருகிறது. "ஹால் டிவியை ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலிருந்தே மாத்தணும் சார், ரிமோட்டைத் தேடியே நேரம் போகுது." நியாயமான தேவைதான். ஆனால் பல இடங்களில் நான் போவதற்கு முன்பே, கல்லூரியில் படிக்கும் சொந்தக்காரப் பையன் யாராவது இணையத்திலிருந்து ஒரு மாதிரி நிரலை இறக்கி, ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கு உள்ள எண்) மட்டும் மாற்றி, பொத்தான் மேல் 'சவுண்ட் கூட்டு' என்று எழுதிக் கொடுத்திருப்பான். அது வேலையும் செய்யும். அதோடு எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

மாதிரி நிரல் எழுதியவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. இப்படிக் கேட்டால் டிவி மென்பொருள் இப்படிப் பதில் சொல்லும் என்று காட்டத்தான் அதை எழுதினார். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்பது அதில் இருக்காது. அதைச் சேர்ப்பது நம் வேலை.

நான் அதிகம் பார்ப்பது, டிவியோடு இணைத்த பெட்டியில் ஓடி வீடியோ, பாட்டு, சேனல் எல்லாம் காட்டும் கோடி மீடியா சென்டரை. 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்த அதே இலவச மென்பொருள். டிஷ்ஷில் வரும் சேனல்களை டிவிஹெட்எண்ட் போன்ற ஒரு சர்வர் மென்பொருள் வாங்கித் தர, கோடி அவற்றைத் திரையில் காட்டும். வெளியிலிருந்து அதை இயக்க ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற முறை உண்டு. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் உள்ள நிரல் ஒரு சின்ன உரைச் செய்தி அனுப்பும்: 'ப்ளேயர்.ஓப்பன்', இந்தச் சேனல், 'அப்ளிகேஷன்.செட்வால்யூம்', 40. அவ்வளவுதான். இதை இணையப் பக்கங்கள் வரும் எச்டிடிபி வழியாக அனுப்பலாம், வழக்கமாக 8080 போர்ட் (செய்தி உள்ளே வரும் வாசலின் எண்). நேரடி டிசிபி இணைப்பாகவும் அனுப்பலாம், அது 9090.

கவனிக்க வேண்டியது இங்கேதான். எச்டிடிபி வழிக்குக் கடவுச்சொல் வைக்கலாம். 9090-இல் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. அந்தப் போர்ட்டுக்கு வந்து சேர முடிகிற எவர் சொன்னாலும் கோடி அப்படியே செய்யும்.

இப்போது ஏற்காட்டு விடுதி ஒன்றை நினைத்துப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் சாவி வாங்கியதும் கேட்பது வைஃபை பாஸ்வேர்டைத்தான். அது ரிசப்ஷன் சுவரிலேயே ஒட்டியிருக்கும். ரிசப்ஷன் கம்ப்யூட்டர், ஹால் டிவி, விருந்தினர் போன் எல்லாமே ஒரே நெட்வொர்க். கோடை விழா சமயத்தில் ஒரு விடுதியிலிருந்து, டிவி தானாகவே சேனல் மாறுகிறது, பழுதாகிவிட்டது போல என்று கூப்பிட்டார்கள். டிவியில் ஒரு குறையும் இல்லை. மாடி அறையில் தங்கியிருந்த ஒரு சிறுவன் போனில் கோடிக்கான கோர் என்ற ரிமோட் செயலி வைத்திருந்தான். கோடி தன் இருப்பை நெட்வொர்க்கில் தானே அறிவித்துக்கொள்வதால் ஹால் டிவி அந்தச் செயலியின் பட்டியலில் வந்து நின்றது. அவன் தொட்டான், மாறியது. அந்தப் பிள்ளை செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

சேனல் மாறுவது சின்ன விஷயம். அதே வழியாக அந்தப் பெட்டியை அணைத்துவிடலாம். கோடியின் நூலகத்தில் இருக்கும் படம், வீடியோப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். முதலாளி வீட்டு விசேஷ வீடியோக்களும் சில இடங்களில் அதே பெட்டியில்தான் கிடக்கின்றன. எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, 'ப்ளேயர்.ஓப்பன்' சேனல் எண்ணை மட்டும் ஏற்பதில்லை, இணைய முகவரியையும் ஏற்கும் என்பதுதான். குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் ஹாலில் எந்த வீடியோவை வேண்டுமானாலும் யாரோ ஒருவர் ஓட்டிவிட முடியும்.

கட்டுப்படுத்தும் நிரலும் கோடியும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் வேலை எளிது. கோடியின் அமைப்புகளில் சேவைகள், அதில் கட்டுப்பாடு என்ற பகுதிக்குப் போங்கள். இந்தக் கணினியில் உள்ள செயலிகளுக்கு ஒரு அனுமதி, பிற கணினிகளில் உள்ள செயலிகளுக்கு ஒரு அனுமதி என்று தனித்தனியாக இருக்கும். முதலாவதை மட்டும் ஆன் செய்து, நிரலில் 127.0.0.1 (இதே கம்ப்யூட்டர் என்று பொருள்) என்று கொடுத்தால் போதும். எச்டிடிபி கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள்.

இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தால், முதலில் விருந்தினர் வைஃபையைத் தனி நெட்வொர்க்காகப் பிரியுங்கள். இப்போது வரும் பெரும்பாலான ரூட்டர்களில் அந்த வசதி இருக்கிறது. அப்புறம் ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி கொடுத்து, கோடி ஓடும் பெட்டியின் ஃபயர்வாலில் (யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் மென்பொருள்) அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழிவிடுங்கள். எச்டிடிபி-யில் கடவுச்சொல் வைத்தாலும், அது பேஸ்64 என்ற எழுத்து மாற்று வடிவில்தான் போகும். அது மறையாக்கம் இல்லை, எவரும் பிரித்துப் படிக்கலாம். வீட்டிலிருந்தே டிவியை மாற்றலாமே என்று ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இணையத்திலிருந்து உள்ளே வர வழி திறப்பது) மட்டும் செய்துவிடாதீர்கள்.

நிரலுக்குள்ளேயும் பார்க்க வேண்டியவை உண்டு. மாதிரிகளில் ப்ளேயர் எண் 1 என்றே எழுதியிருப்பார்கள். அது வீடியோவுக்கானது. காலையில் பக்திப் பாடல் போட்டால் ஓடுவது ஆடியோ, அதன் எண் 0. அப்போது நிறுத்து பொத்தானை அழுத்தினால் பாட்டு நிற்காது. எது ஓடுகிறது என்று முதலில் 'கெட்ஆக்டிவ்ப்ளேயர்ஸ்' கேட்டுவிட்டு அப்புறம் கட்டளை அனுப்ப வேண்டும். சேனல் எண்ணையும் நிரலில் எழுதி வைக்காதீர்கள். அது கோடியின் தரவுத்தளத்தில் உள்ள எண். சேனல்களை அழித்துவிட்டு மறுபடி தேடினால் மாறிவிடக்கூடும்.

நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ரிசப்ஷனில் இருக்கும் அக்காவுக்கு வசதியாகச் சேனல் பெயர்களைத் தமிழில் வைத்த ஒரு இடத்தில், பட்டியலின் நடுவில் ஒரு பெயர் மட்டும் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'பு' என்பதில் ப, உகரக் குறி என இரண்டு குறியீடு, அதற்கே 6 பைட். மாதிரி நிரலோ 1024 பைட் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றியது. துண்டு எழுத்தின் நடுவில் வெட்டினால் அந்த எழுத்து சிதைந்துவிடும். 9090-இல் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று சொல்லும் வரிமுடிவும் கிடையாது. எனவே செய்தியில் திறந்த அடைப்புக்குறிகள் எல்லாம் மூடிவிட்டனவா என்று எண்ணி, செய்தி முழுதாக வந்து சேர்ந்த பிறகே எழுத்தாக மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து, முதலாளி முன்னாலேயே கோர் செயலியைத் திறந்து பாருங்கள். ஹால் டிவி பட்டியலில் வரவில்லையா, சரி. அதோடு நிறுத்தாமல் ஐபி முகவரியைக் கையால் கொடுத்தும் பாருங்கள். இணையவே கூடாது. மலையில் இடி மழைக்கு ரூட்டர் போய், அவசரத்துக்குப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினால், பிரித்து வைத்த நெட்வொர்க் மறுபடி ஒன்றாகியிருக்கும். அன்றைக்கே இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.