வேற்றுக்கிரகவாசி: பெயரா, விலாசமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. தங்கையின் மகள் விறாந்தையில் குந்தியிருந்து, பள்ளிக்கூடத்துக்கென்று விண்வெளி பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். கொப்பியிலிருந்து தலை நிமிராமலே கேட்டாள்: "மாமா, ஏலியனுக்குத் தமிழில என்ன?"

"வேற்றுக்கிரகவாசி."

எழுதிப் பார்த்தாள். அரை வரியை அது பிடித்துக்கொண்டது. "இது பேர் இல்ல மாமா, விலாசம்."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி.

முதலில் ஏலியன். லத்தீனில் 'அலியஸ்' என்றால் வேறு, மற்றது. அதிலிருந்து 'அலியேனஸ்', பிறருக்கு உரியது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் அது பிற நாட்டாரைத்தான் குறித்தது. சட்டப் புத்தகங்களில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகாயத்திலிருந்து வருபவரின் தலையில் அந்தச் சொல்லைக் கட்டியது கடந்த நூற்றாண்டின் அறிவியல் கதைகள். அப்படிக் கதை எழுதியவர்களில் பெரிய ஆள் ஆர்தர் சி. கிளார்க். அவர் எங்கள் ஊர்க் கடலில் மூழ்கியவர் என்பது திருகோணமலைக்காரர் பலருக்குத் தெரியும். 1956 இல் நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையின் சுவாமி மலையடியில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்தார். இங்கிலாந்தில் பிறந்து, இலங்கையிலேயே தங்கி, 2008 இல் கொழும்பில் கண்மூடியவர். சொல்லின் பழைய பொருளில் பார்த்தால் அவரே ஒரு ஏலியன்தான்!

இனி எங்கள் சொல். வேறு என்பது வேற்று ஆகும்: வேற்றூர், வேற்றாள், வேற்றுமை. வாசி என்றால் வசிப்பவர், வடமொழி வழி வந்தது. கிராமவாசி, நகரவாசி என்று பத்திரிகைக்காரர் எழுதுவதும் இதே வாசிதான். நடுவில் நிற்கும் கிரகம்தான் சுவையானது. அதன் வடமொழி வேருக்குப் பற்றுதல், பிடித்தல் என்று பொருள். கிரகணமும் அதே வேர். 'கிரகம் பிடித்தவன்' என்று திட்டும்போது, பிடிப்பதைப் பிடித்தவன் என்று இரண்டு தரம் திட்டுகிறோம்.

தமிழில் கோள். கொள் என்ற வினையிலிருந்து வந்தது, அதற்கும் பற்றிக்கொள்வது என்றே பொருள். இரண்டு மொழியிலும் கோள் என்றால் ஆளைப் பிடிப்பது. கிரேக்கர் மட்டும் அதற்கு 'அலைபவன்' என்று பெயர் வைத்தார்கள், ஆங்கிலத்தின் பிளானெட் அங்கிருந்து வந்தது. சங்க இலக்கியத்தில் இது கோண்மீன். பட்டினப்பாலை 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்கிறது. நட்சத்திரங்களுக்கு இடையே கலந்து நிற்கும் கோள்கள். கோணமலையைப் பாடிய சம்பந்தர்தான் கோளறு பதிகமும் பாடினார். அதில் ஞாயிறு, திங்கள் முதல் 'பாம்பிரண்டும்' வரை ஒன்பதையும் வரிசையாகக் கூப்பிட்டு, அடியாருக்கு அவை நல்ல நல்ல என்கிறார். கோணத்துக்கும் கோளுக்கும் வேர் ஒன்றல்ல, காதுக்குத்தான் ஒன்று போலக் கேட்கும்.

ஆக, கிரகத்தை எடுத்துவிட்டுக் கோளைப் போட்டு 'வேற்றுக்கோளர்' என்றால் முடிந்ததா? தனித்தமிழ் ஆகிவிடும், ஆனால் பிழை அப்படியே இருக்கும். விஞ்ஞானிகள் உயிர் இருக்கலாம் என்று கண் வைத்திருக்கும் யூரோப்பாவும் என்செலடசும் கோள்களே அல்ல. ஒன்று வியாழனின் நிலா, மற்றது சனியின் நிலா. பனி ஓட்டுக்குக் கீழே இரண்டிலும் கடல். யூரோப்பாவை ஆராய 2024 ஒக்டோபரில் நாசா விண்கலம் அனுப்பியது. அங்கே எதுவும் இருந்தால் அது வேற்று நிலாவாசி!

வாசியும் இடிக்கிறது. வாசி என்றதும் எனக்கு வீட்டு இலக்கமும் குடும்ப அட்டையும் உள்ள ஒருவர்தான் மனதில் வருகிறார். தேடப்படுவதோ பெரும்பாலும் நுண்ணுயிர், சில வேளை வெறும் வாயு. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளில் டைமெதில் சல்பைடு வாயுவின் சாயல் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது கடலின் நுண்பாசி. எங்கள் ஊர் டச்சுக்குடாக் கரையில் காற்று வாங்கும்போது மூக்கில் ஏறும் கடல் மணத்தில் அதற்கும் பங்கு உண்டு. அந்தத் தரவு போதாது என்று மற்ற ஆய்வாளர்கள் உடனே மறுத்தார்கள், சரி. ஆனால் அது உண்மையாகவே இருந்தாலும், ஒரு மணத்தைப் போய் வாசி என்று கூப்பிட முடியுமா?

தமிழ்நாட்டில் இப்போது 'அயலான்' என்ற சொல் பிரபலம், அந்தப் பெயரில் 2024 இல் ஒரு படமும் வந்தது. அயல், அயல்நாடு, அயலான் என்று வரிசை ஒழுங்காகத்தான் போகிறது. ஆனால் எங்கள் பக்கம் அயல் என்றால் பக்கம். அயலட்டை என்றால் சுற்றியுள்ள வீடுகள், அயலவர் என்றால் சாவீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் சனம். அவர்களை எப்படி ஏலியன் ஆக்குவது? அந்நியன் வேண்டாம், அதில் பகை வாசம் அடிக்கிறது.

எனக்குப் பிடித்தது 'புறவுலக உயிர்'. கோள், நிலா, பாசி, பெரிய தலைக்காரர் எல்லோரையும் அது உள்ளே விடும். பச்சைத்தோல் கதைகளுக்கு வேற்றுக்கிரகவாசி இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே அது நன்றாகவே பொருந்துகிறது.

மருமகள் 'புறவுலக உயிர்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். அந்த நேரம் வேலிக்கு அப்பால் இருந்து குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அண்ணை கடலால் வந்த கையோடு, சொப்பிங் பையில் சூடை மீனோடு நின்றார்.

"மாமா, அயலான் வந்திட்டார்" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.