ரெண்டு கம்பி, ஒரு வட்டம்: பெரியப்பா விட்ட ரேஸ் ப்ளேன் எப்படிப் பறக்குது

பெரியப்பா போயி மூணு மாசம் ஆகுது. அவரோட மரப்பெட்டிய போன வாரம்தான் திறந்தேன், திறந்ததுமே விளக்கெண்ணெயும் ஈதரும் கலந்த அந்த வாசனை குப்புனு மூக்குல ஏறுச்சு. உள்ள ரெண்டு குட்டி எஞ்சின், எண்ணெய்த் துணியில சுத்தின ஸ்டீல் கம்பிச் சுருள், கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்துபோன ஒரு ஹேண்டில். பதினாலு வயசுல ஆரம்பிச்சு எழுபத்தாறு வயசு வரைக்கும் மாடல் ஏரோப்ளேன் ரேஸ் விட்ட மனுஷன். துக்கம் கேக்க வந்தவங்கள்ல பாதிப் பேரு "ரிமோட் வச்சு விடுவாங்களே, அதுதானே?"ன்னு கேட்டாங்க. அப்போ விளக்கிச் சொல்ற மனநிலையில நான் இல்ல. இப்போ சொல்றேன்.

அவரு விட்டதுக்கு ரிமோட்டே கிடையாது. கண்ட்ரோல் லைன்னு பேரு. நடுவுல ஆள் நிப்பாரு, கையில ஹேண்டில், ஹேண்டில்லருந்து ரெண்டு மெல்லிசான ஸ்டீல் கம்பி ப்ளேனோட இடது றெக்கைக்குள்ள போகும், ப்ளேன் அவரைச் சுத்தி இடஞ்சுழியா வட்டமடிக்கும். றெக்கைக்குள்ள பெல்கிராங்க்னு ஒரு சின்னத் தகடு ஆணி மேல ஆடிக்கிட்டு இருக்கும், ரெண்டு கம்பியும் அதோட ரெண்டு முனையில மாட்டியிருக்கும், அதுலருந்து ஒரு குச்சி வாலுக்குப் போகும். ஹேண்டிலோட மேல் நுனிய நம்ம பக்கம் சாய்ச்சா ஒரு கம்பி இழுபடும், தகடு திரும்பும், குச்சி தள்ளும், வால்ல இருக்கற எலிவேட்டர்ங்கற அசையற தகடு மேல தூக்கும், மூக்கு மேல போகும். எதிர்ப்பக்கம் சாய்ச்சா கீழ. அவ்வளவுதான், வலது இடதுங்கற பேச்சே இல்ல, வட்டத்தை கம்பி பாத்துக்கும்.

இது வந்த காரணமும் நல்லா இருக்கும். ரேடியோ கண்ட்ரோல் ஒழுங்கா வேலை செய்யாத காலத்துல எஞ்சின் வச்ச மாடலைப் பறக்க விட்டா அது இஷ்டத்துக்குப் போயிடும், பின்னாடியே ஓடிப்போய்த் தேடணும். 1940-கள்ல அமெரிக்காவுல ஜிம் வாக்கர்ங்கறவரு இந்தக் கம்பி முறைய 'யூ-கண்ட்ரோல்'னு பேர் வச்சு ஊர் முழுக்கப் பரப்பினாரு. ப்ளேன் நம்ம கையிலயே இருக்கும், காணாமப் போகாது. கையில இருக்கறதால வேகத்தையும் சரியா அளக்கலாம், ரேஸும் வைக்கலாம்.

பெரியப்பா விட்டது டீம் ரேஸ், உலகப் போட்டிகள்ல எஃப்2சி-ன்னு சொல்ற வகை. கம்பி நீளம் 15.92 மீட்டர். ஏன் இப்படி ஒரு வினோதமான நம்பர்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன், "டேய், ரெண்டு பையால பெருக்கிப் பாருடா"ன்னாரு. பை-ன்னா கணக்குல வர்ற 3.14, ரெண்டு பைன்னா 6.28. பெருக்கினா ஒரு சுத்து சரியா 100 மீட்டர் வருது. நூறு சுத்து பத்து கிலோமீட்டர், அது ஒரு ஹீட், அதாவது ஃபைனலுக்கு முன்னாடி நடக்கற ரேஸ். ஃபைனல் இருநூறு சுத்து. எஞ்சின் 2.5 சிசிக்கு மேல இருக்கக் கூடாது. ஒரே வட்டத்துல மூணு ப்ளேன் ஒரே நேரத்துல பறக்கும், நடுவுல மூணு பைலட்டும் தோளோட தோள் உரசிக்கிட்டு சின்ன வட்டத்துல சுத்தணும், முந்தணும்னா அடுத்தவன் ப்ளேனுக்கு மேலால தூக்கிக் கொண்டு போகணும்.

வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்குல. அதாவது ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட். நீங்க நின்ன இடத்துலயே 1.8 செகண்டுக்கு ஒரு தடவை திரும்பிக்கிட்டே இருங்க, மூணு நிமிஷம். தலை சுத்தாதான்னு எல்லாரும் கேப்பாங்க. காதுக்குள்ள மூணு அரைவட்டக் குழாய்ல ஒரு திரவம் இருக்கு, நாம திரும்ப ஆரம்பிக்கும்போது அது பின்தங்கும், அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை 'சுத்தறோம்'னு புரிஞ்சுக்குது. ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே இருந்தா திரவமும் நம்மோட சேர்ந்து சுத்த ஆரம்பிச்சுடும், அப்புறம் தெரியாது. கண்ணு வேற ப்ளேன் மேலயே குத்திட்டு நிக்கும், பின்னாடி உலகம் வெறும் கோடா ஓடும். நின்னதும்தான் சிக்கல், நம்ம நின்னாலும் திரவம் நிக்காது. ரேஸ் முடிஞ்சதும் பெரியப்பா உடனே நகர மாட்டாரு, ஹேண்டிலைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் அப்படியே நிப்பாரு.

இப்போ கம்பிக்கு வர்றேன், அவரு வாழ்க்கையில பாதி இதுலதான் போச்சு.

ப்ளேன் 450 கிராம்னு வச்சுக்குவோம். மணிக்கு 200 கிலோமீட்டர்ல, 16 மீட்டர் வட்டத்துல அது சுத்தணும்னா உள்பக்கம் இழுக்கற விசை அதோட எடையப் போல இருபது மடங்கு வேணும். கையில வர்ற இழுப்பு கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. அரைக்கிலோ கூட இல்லாத பொருள், கையில ஒன்பது கிலோ! அந்த இழுப்பு இருக்கறதாலதான் கம்பி விறைப்பா நின்னு கண்ட்ரோல் கிடைக்குது. ஆனா இழுப்பு வேகத்தோட வர்க்கத்துல மாறும், அதனால எஞ்சின் நின்னு இறங்கும்போது வேகம் 60-க்கு வந்தா இழுப்பு 800 கிராம்தான். அதுக்கும் கீழ போய் காத்து வேற தள்ளுச்சுன்னா கம்பி தொய்யும், தொய்ஞ்சா ஹேண்டிலை எப்படி ஆட்டினாலும் வாலுக்கு சேதி போகாது. அதனாலதான் கம்பி வெளிய வர்ற ஓட்டைய ப்ளேனோட எடை மையத்துக்குக் கொஞ்சம் பின்னாடி வைப்பாங்க, மூக்கு லேசா வட்டத்துக்கு வெளிய பாக்கும், கம்பி தானா விறைப்பாவே இருக்கும்.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது தரையில விரிச்சு வச்சிருந்த கம்பிய மிதிச்சுட்டேன், ஒண்ணுல ஒரு மடிப்பு விழுந்துடுச்சு. திட்டவே இல்ல. மடிப்பு விழுந்த கம்பியக் கழட்டினாரு, நல்லா இருந்த இன்னொண்ணையும் கழட்டினாரு, ரெண்டையும் சுருட்டி ஓரமாப் போட்டாரு. நல்லதை எதுக்குக் கழட்டுறீங்கன்னு கேட்டதுக்கு "ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளையா இருக்கணும்டா"ன்னு மட்டும் சொன்னாரு.

அது ஏன்னு எனக்குப் புரிய காலேஜ் ஆச்சு. 0.3 மில்லிமீட்டர் கம்பி, ஒன்பது கிலோ இழுப்பை ரெண்டும் பங்கு போட்டுக்குது, ஸ்டீலோட மீள்தன்மைய வச்சுக் கணக்குப் போட்டா ஒவ்வொரு கம்பியும் பறக்கும்போது கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் நீளுது. ஸ்டீல் நீளுமான்னு ஆச்சரியமா இருக்கும், ஆனா நீளும். ரெண்டும் ஒரே அளவு நீண்டா பெல்கிராங்க் நடுவுலயே நிக்கும், பிரச்சனை இல்ல. ஒண்ணு ஒரு சுருள், இன்னொண்ணு வேற சுருள், தடிமன்ல துளி வித்தியாசம்னா தரையில வச்சுப் பாக்கும்போது சமமா இருக்கும், பறக்க ஆரம்பிச்சதும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் கூட நீண்டு எலிவேட்டரைத் தானே திருப்பிடும். ரெண்டு மூணு மீட்டர் உயரத்துல, செகண்டுக்கு 55 மீட்டர் போற ப்ளேனுக்கு அது போதும், தரையில அடிக்க. அதனாலதான் ஒரே சுருள்ல அடுத்தடுத்து வெட்டின ரெண்டு துண்டு.

கம்பில இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். காத்துல கம்பிய இழுத்துக்கிட்டுப் போறதுக்கும் பவர் செலவாகுது. எவ்வளவுன்னு போட்டுப் பாத்தேன்: அந்த வேகத்துல, நேரா விறைச்சு நிக்குதுன்னு வச்சுக்கிட்டா, ரெண்டு கம்பிக்கும் சேர்த்து சுமார் 250 வாட். வெறும் கண்ணுக்கு சரியாத் தெரியக்கூடத் தெரியாத ரெண்டு நூல், ஒரு சின்ன மிக்ஸிய ஓட்டற அளவு பவரைத் தின்னுது! அந்த 250-ம் கம்பி முழுக்கச் சமமா செலவாகறது இல்ல. கை பக்கம் கம்பி மெதுவா நகருது, ப்ளேன் பக்கம் வேகமா நகருது, பவர் வேகத்தோட மூணாம் அடுக்குல ஏறும், அதைக் கம்பி நீளத்துக்கும் கூட்டினா வெளிப்பாதிக் கம்பி மட்டும் பதினாறுல பதினஞ்சு பங்கைத் தின்னுடுது. கை பக்கத்துப் பாதிக்கு மிஞ்சறது ஒரே ஒரு பங்கு. பெரியப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியுமா தெரியாது, ஆனா கம்பி துடைக்கும்போது ப்ளேன் பக்கத்து எட்டு மீட்டரை ரெண்டு தடவை துடைப்பாரு. தூசி எண்ணெய்ல ஒட்டி கம்பி தடிச்சா அந்தப் பக்கம்தான் அடி விழும்னு அவரு கைக்குத் தெரிஞ்சிருக்கு.

எஞ்சினைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, நானும் கொஞ்சம் சொல்லிடறேன். மாடல் எஞ்சின்னாலே நிறையப் பேருக்கு க்ளோ ப்ளக்தான் ஞாபகம் வரும். மெத்தனால்ல ஓடும், ப்ளக்ல ஒரு பிளாட்டினம் கலந்த சுருள் இருக்கும், ஸ்டார்ட் பண்ண மட்டும் பேட்டரி வச்சு சூடாக்குவாங்க, அப்புறம் பேட்டரியக் கழட்டிடலாம், மெத்தனால் ஆவி பிளாட்டினத்து மேல பட்டு வினைபுரியற சூட்டுலயும் ஒவ்வொரு எரிப்போட சூட்டுலயும் சுருள் தானா தணலா இருக்கும். 1940-களோட கடைசியில ரே ஆர்டன் இதைக் கடைக்குக் கொண்டு வந்தப்புறம் ஸ்பார்க் காயிலும் பேட்டரியும் சுமந்துக்கிட்டுப் பறக்கற காலம் முடிஞ்சுது. ஆனா டீம் ரேஸ்ல ஆளுங்க வச்சது டீசல். நம்ம லாரி டீசல் மாதிரி இல்ல, ஈதர், மண்ணெண்ணெய், எண்ணெய் மூணும் கலந்தது. ஈதர் குறைஞ்ச சூட்டுலயே தீப்பிடிச்சுக்கும், அமுக்கினாலே போதும், ப்ளக்கே தேவையில்ல. தலைல ஒரு திருகு இருக்கும், அதைத் திருகினா மேல இருக்கற இன்னொரு குட்டி பிஸ்டன் கீழ இறங்கி அமுக்கத்தைக் கூட்டும். ஏன் டீசல்னா, மெத்தனால்ல ஒரு கிராமுக்கு இருக்கற சக்தி மண்ணெண்ணெய்ல இருக்கறதுல பாதிதான். டேங்க் அளவை ரூல் கட்டிப் போட்டிருக்கு, அதே டேங்குக்கு அதிக சுத்து போகணும்னா டீசல்தான்.

எத்தனை தடவை இறங்கி நிரப்பறோம், எவ்வளவு சீக்கிரம் நிரப்பறோம், ரேஸ் அங்கதான் முடிவாகுது. டீம்ல ரெண்டு பேரு, பைலட்டும் மெக்கானிக்கும். பைலட் எலிவேட்டரை முழுசா கீழ தள்ளினா ஃப்யூயல் கட் ஆகும், எஞ்சின் நிக்கும், ப்ளேன் சறுக்கிக்கிட்டே வந்து இறங்கும், வட்டத்தோட ஓரத்துல குந்தியிருக்கற மெக்கானிக் ஓடற ப்ளேனை றெக்கையிலயே பிடிப்பாரு, ஒரு கையால அழுத்தத்துல ஃப்யூயலை உள்ள அடிப்பாரு, இன்னொரு விரலால ப்ரொப்பல்லரை ஒரே ஒரு தட்டு. ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகணும். எஞ்சின் சூடா இருக்கும்போது சூட்டுக்குத் தகுந்த மாதிரி திருகு வச்சிருந்தாத்தான் அது நடக்கும். நூறு சுத்துக்கு 180 செகண்ட்னு வையுங்க. பிட்ல, அதாவது இறங்கி நிரப்பிட்டுப் போற நேரத்துல, மூணு செகண்ட் மிச்சம் பண்ணா அது வேகத்துல 1.7 சதவீதம் ஏத்தினதுக்குச் சமம். பவர் வேகத்தோட மூணாம் அடுக்குன்னு சொன்னேன்ல, அதனால 1.7 சதவீத வேகத்துக்கு 5 சதவீதம் கூடுதல் பவர் வேணும். நல்லா ட்யூன் பண்ணின எஞ்சின்ல அஞ்சு சதவீதம் தேடிப் பிடிக்க ஒரு சீசன் போயிடும். விரல் பழகினா மூணு செகண்ட் ஒரு மாசத்துல கிடைக்கும்.

பெரியப்பாவும் அவரோட மெக்கானிக்கும் சாயங்காலம் முழுக்க எஞ்சினை ஸ்டார்ட்டே பண்ணாம வெறும் பிடிக்கறது, தட்டறது, விடறது, இதையே பண்ணிட்டு இருப்பாங்க. பாக்க வர்றவங்களுக்கு போரடிக்கும், எனக்கும் அப்போ அடிச்சுது. அந்த மெக்கானிக்கோட ஆள்காட்டி விரல் நுனி காய்ச்சிப் போயி நகம் மாதிரி இருக்கும்.

வெறும் வேகத்துக்குன்னு தனியா ஒரு வகை இருக்கு, எஃப்2ஏ, அதே 2.5 சிசி, மணிக்கு 300 கிலோமீட்டர் பக்கம். அதுல ப்ரொப்பல்லருக்கு ஒரே ஒரு இதழ்தான், மறுபக்கம் எடைக்கு ஒரு குண்டு. எக்ஸாஸ்ட்ல ட்யூண்ட் பைப் மாட்டியிருக்கும், 1960-கள்ல பில் விஸ்னீவ்ஸ்கி இதை மாடல்ல காட்டினதும் மத்தவங்க எல்லாம் பின்தங்கிப் போனாங்க. வெளிய போற புகையோட அழுத்த அலை பைப் கடைசியில இருக்கற கூம்புல மோதித் திரும்பி வந்து, தப்பிச்சு வெளிய போன புது கலவைய, புகை வெளிய போற ஓட்டை மூடறதுக்குள்ள உள்ளயே தள்ளிடும். நிமிஷத்துக்கு 40,000 சுத்துன்னா அதுக்குக் கிடைக்கற நேரம் ஒரு செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல, அதுக்குள்ள போய்த் திரும்பணும்னா பைப் நீளம் சுமாரா ஒரு சாண்தான் வரும். பெரியப்பாவுக்கு இது மேல பெரிய மரியாதை உண்டு, ஆனா விட்டதில்ல. "தனியா ஓடறதுல எனக்கு ருசி இல்லடா, பக்கத்துல இன்னும் ரெண்டு பேர் மூச்சு கேக்கணும்"பாரு.

பெட்டில இருந்த எஞ்சின்ல ஒண்ணைக் கையில எடுத்து ப்ரொப்பல்லரைத் திருப்பிப் பாத்தேன். மேல வரும்போது கெட்டியா பிடிச்சுது. பிஸ்டன் போற குழாய் மேல் பக்கம் கொஞ்சம் குறுகலாவே இருக்கும், ஓடும்போது மேல் பக்கம்தான் அதிகம் சூடாகி விரியும், அப்போ குழாய் நேராகும், அதனால சூடாகாம இருக்கும்போது இப்படிப் பிடிச்சாத்தான் நல்ல எஞ்சின். இத்தனை வருஷம் ஓடியும் அந்தப் பிடி குறையவே இல்ல.

அப்புறம் கம்பிச் சுருளைப் பிரிச்சேன். அவரு பண்ற மாதிரியே கண்ண மூடிக்கிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல விட்டு கைப்பக்கத்துலருந்து இழுத்துக்கிட்டே போனேன். முதல் கம்பி கடைசி வரைக்கும் வழுக்கிக்கிட்டுப் போச்சு. ரெண்டாவதுல, ப்ளேன் பக்கத்துலருந்து ரெண்டு மீட்டர் இருக்கும், விரல்ல லேசா ஒரு தட்டு. பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியற மடிப்பு. ரெண்டையும் கழட்டி ஓரமா வச்சுட்டேன், சனிக்கிழமை புதுச் சுருள்லருந்து அடுத்தடுத்து ரெண்டு வெட்டணும்.