தீட்டி முடித்த பிளானரும் தொடாத பாடமும்

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஆலோசனைக்கு வரும் மாணவர்களின் கலரிங் பிளானரைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஓரத்துக் கொடியில் ஒரு இலை பாக்கியில்லை, நரம்புக்குத் தனிப் பச்சை. நடுவில் ஏழு நாள் கட்டங்களில் ‘இயற்பியல்’, ‘கணக்கு’, ‘ரிவிஷன்’ என்று ஒற்றைச் சொற்கள். இதில் எது முடிந்தது என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. இந்தப் பருவத்தில் இப்படி எத்தனை என்று எண்ணுவதையே விட்டாயிற்று.

பிளானர் மேல் குற்றமில்லை. வாரப் பக்கமும் வண்ணம் தீட்டக் கோட்டுப்படமும் சேர்ந்த நோட்டு அது. படத்துக்காகவாவது கை அதைத் தினமும் திறக்கும். அலமாரியில் தூங்கும் கண்ணியமான டைரியைவிட அது எவ்வளவோ மேல்.

தொல்லை, ‘பாடத்துக்கொரு கலர் போட்டுவிட்டேன், திட்டம் தயார்’ என்ற நினைப்பில் இருக்கிறது. நீலம் கணக்கு, பச்சை உயிரியல். சரி, அப்புறம்? கணக்கில் எந்தப் பயிற்சி, எத்தனை கணக்கு, எவ்வளவு நேரம்? நீலத்துக்கு அது தெரியாது. ஒரு மணி நேரம் தீட்டினால் விரல் வலிக்கிறது, பக்கம் நிறைகிறது, உழைத்த திருப்தியும் வந்துவிடுகிறது. அந்தத் திருப்திதான் ஆபத்து. படிக்க உட்கார வேண்டிய மணியை அது தின்றுவிட்டு, ‘இன்றைக்கு நிறையச் செய்தோம்’ என்று தூங்கவும் அனுப்பிவிடும். சந்தேகமிருந்தால் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நாளை மாலை ஆறு மணிக்கு எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று அதில் தெரிகிறதா? தெரியாவிட்டால் உங்களிடம் இருப்பது ஓவியம். நல்ல ஓவியமாகவே இருக்கட்டும், திட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

எனவே வாரத் தொடக்கத்தில் கலர் பெட்டியை மூடி வைத்துவிட்டு பென்சிலை எடுங்கள். வகுப்பு, பயணம், தூக்கம், சாப்பாடு என அசையாத நேரங்களை முதலில் கட்டமிட்டு அடைத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் கால் பங்கைக் காலியாக விடுங்கள். காய்ச்சலும் விருந்தாளியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அசைன்மென்ட் தேதியை எழுதும்போதே அதற்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் சொந்தக் கெடுவையும் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அளவும் நிமிடமும் வேண்டும். ‘இயற்பியல் படி’ என்பது வேலையே இல்லை. ‘நிலைமின்னியல், 12 கணக்கு, 50 நிமிடம்’ என்பது வேலை.

அந்த 50 நிமிடத்தையும் நம்பாதீர்கள். தன் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே ‘planning fallacy’ (திட்டமிடும் பிழை) என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தைக் குறித்து வாருங்கள். இரண்டு வாரக் கணக்கு கைக்கு வரும்வரை மதிப்பீட்டை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கலர். வேலையைச் சுற்றி அந்தப் பாடத்தின் கலரில் ஒரு கோடு மட்டும். உள்ளே தீட்டுவது முடித்த பிறகுதான். பாதி முடிந்தால் பாதிக் கட்டம். இந்த ஒரு வரிசையை மாற்றாமலிருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைப் பார்த்ததுமே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். வெள்ளையாக நிற்கும் வேலையை இரண்டு முறை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். மூன்றாம் முறையும் தள்ளத் தோன்றினால் அது அளவுக்கு மீறிய வேலை; 20 நிமிடத் துண்டுகளாக உடையுங்கள், அல்லது அடித்துவிடுங்கள்.

பெரிய படப் பக்கத்தையும் வீணாக்க வேண்டாம். 24 பாடமென்றால் படத்திலுள்ள பூக்களில் 24 இதழை எண்ணி எண் போடுங்கள், ஒரு பாடத்துக்கு ஓர் இதழ். வாசித்து முடித்ததற்கு இதழ் கிடையாது. புத்தகத்தை மூடி, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்துத் தேறினால்தான். மூன்று நாள் கழித்து மறுபடி எழுதித் தேறினால் அதே இதழில் அழுத்தமாக இன்னொரு பூச்சு. இதற்குக் கலர் பென்சிலே தோது, அடுக்கடுக்காக ஏறும்.

கலர் ஐந்துக்கு மேல் போகவே கூடாது. ஒன்பது கலர் வைத்தால் எது எதற்கு என்று முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும். சிவப்பு பச்சை பிரித்தறியச் சிரமப்படும் மாணவர்கள் அபூர்வமல்லர். கலரோடு பாடத்தின் முதலெழுத்தையும் போடுங்கள். 70, 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள மெல்லிய தாளில் ஆல்கஹால் மார்க்கர் மறுபக்கத்துக்கு ஊறும், அங்கிருக்கும் அடுத்த வாரம் போயிற்று. ஜெல் மை காயுமுன் ஹைலைட்டர் இழுத்தால் எழுத்து கலங்கும். சூட்டில் அழியும் மைப்பேனாவால் தேர்வுத் தேதியை எழுதிவிட்டு நோட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட வேண்டாம். 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அந்த மை நிறமிழக்கும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பிளானரை மதிப்பெண் அட்டை போலப் பார்க்காதீர்கள். வெள்ளைக் கட்டத்துக்குத் திட்டு விழுந்தால் மறுவாரம் எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கும், படிக்காமலே. வெள்ளைக் கட்டம் வெள்ளையாகவே நிற்கும் தைரியம் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் விட்டுப்போனவர்கள் பின்னோக்கிப் போய் நிரப்ப உட்காராதீர்கள், தயவுசெய்து. அந்தப் பக்கங்களை ஒரு கிளிப்பில் சேர்த்து மாட்டிவிட்டு, இன்றைய தேதியில் ஒரே ஒரு வேலையை நிமிடத்தோடு எழுதுங்கள். கலர் பெட்டி இரவு வரை மூடியே இருக்கட்டும்.