நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்

இந்த வாரமும் அதே கதைதான். பத்தாம் வகுப்புப் பையன். "படிச்சதெல்லாம் மறந்துபோகுது, எப்பப் பார்த்தாலும் தூங்கி வழியறான். ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க டாக்டர்" என்கிறார் அம்மா. அவர் சொல்லி முடிப்பதற்குள் பையன் மடியில் இருந்த பையின் மேலேயே தலை கவிழ்ந்து தூங்கிவிட்டான். ரத்த சோகை இல்லை, தைராய்டும் சரியாக இருக்கிறது. ராத்திரி படுப்பது பதினொன்றரை. நாலு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புகிறார்கள். ஐந்தரைக்கு டியூஷன்.

நாலரை மணி நேரத் தூக்கத்துக்கு எந்த டானிக் கொடுப்பது?

"ஒன்பது மணிக்கே படுக்கச் சொன்னால் கேட்பதில்லை, அத்தனையும் திமிர்" என்பார்கள். பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குவதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடுகிறது. பத்து வயதில் ஒன்பதுக்கே கண் சொக்கிய பிள்ளைக்கு, பதினைந்தில் பத்தரை, பதினொன்று ஆகாமல் சொக்காது. செல்போன் அதை இன்னும் கெடுக்கும், உண்மைதான். ஆனால் போனே இல்லாத வீட்டிலும் இந்த மாற்றம் வரும். குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. அதே வளர்ச்சிதான் இதுவும். குரல் உடைந்ததற்காக யாராவது பிள்ளையைத் திட்டுகிறோமா?

அடுத்தது, விடிகாலையில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்ற நம்பிக்கை. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பகலில் படித்ததை மூளை பதித்துவைப்பதே தூக்கத்தில்தான். கனவு வரும் தூக்கத்தின் பெரும்பகுதி விடியலை ஒட்டித்தான் வரும். நாலு மணிக்கு எழுப்பும்போது வெட்டுப்படுவது அதுதான். நாலு மணி உங்களுக்கு விடிகாலை, அவன் உடம்புக்கு நடுராத்திரி.

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022 முதல், சில கிராமப்புறப் பள்ளிகள் நீங்கலாக, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

'எதிர்த்துப் பேசுகிறான், பொசுக்கென்று கோபம் வருகிறது' என்ற புகாரும் கூடவே வரும். கோபத்தை அடக்கும் முன்மூளை முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அரைகுறைத் தூக்கத்தில் அதுவும் தடுமாறாமல் என்ன செய்யும்?

சரி, என்ன செய்யலாம்? ஒன்பதரைக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் ஹாலில் இருக்கட்டும், உங்களுடையதும்தான். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். பத்தரைக்குப் படுத்தால் ஆறரை வரை தூங்க விடுங்கள். எழுந்ததும் கொஞ்சம் வெயில் படட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் திட்டாதீர்கள். போதுமான அளவு தூங்கியும் சோர்வு போகவில்லை, குறட்டை விடுகிறான், இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறான் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டியூஷன் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஐந்தரை மணி வகுப்பைத் தயவுசெய்து மாலைக்கு மாற்றுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் இந்தப் பிள்ளைகள்.