பூட், தொடக்கம், கிளப்பு: ஒரு சொல் விளக்கம்

எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில், கீழக்கரையில் "காக்கா, லேப்டாப் பூட் ஆக மாட்டேங்குது" என்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் "அண்ணே, சிஸ்டம் கிளம்பவே மாட்டேங்குது" என்பார்கள். கோளாறு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது ஆள் தமிழ் இலக்கணத்தின் ஒரு நல்ல கருவியைக் கையில் வைத்திருக்கிறார். விண்டோஸ், லினக்ஸ் போன்ற புது இயங்குதளம் போடும்போது எந்த இடத்தில் வேலை நின்றது என்று கண்டுபிடிக்க அந்தக் கருவி உதவும். அதற்காகத்தான் பூட் என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். ஆன் செய்த கணினி எழுந்து வேலைக்குத் தயாராவதைத்தான் பூட் ஆவது என்கிறோம்.

இப்போது எடுப்பதற்குக் காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். நம் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இருக்கிற பழைய பெட்டிகள் பல இதில் தேறாது. ஆகவே "ஃபார்மட் அடிச்சு லினக்ஸ் போட்டுக் கொடுங்க" என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போடுகிற வேலை சுலபம். போட்டு முடித்து மறுபடி ஆன் செய்யும்போதுதான் "பூட் ஆகலை" என்ற பேச்சு வரும்.

சரி, பூட் என்றால் என்ன? நாம் பூட்ஸ் என்று சொல்கிற அதே காலணிதான். உயரமான பூட்ஸின் மேல் விளிம்பில் ஒரு வார் வளையம் தைத்திருப்பார்கள். அதில் விரலை விட்டு இழுத்தால் கால் உள்ளே இறங்கும். அந்த வளையத்தின் பெயர் பூட்ஸ்ட்ராப். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னையே மேலே தூக்குவது என்று 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருந்தது. நடக்கவே நடக்காத காரியம் என்பது அதன் பொருள். பிற்பாடு, யார் துணையும் இல்லாமல் தானே முன்னுக்கு வருவது என்று பொருள் மாறிவிட்டது.

1950-களில் கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முன்னால் உண்மையிலேயே அப்படி ஒரு முடிச்சு இருந்தது. மின்சாரம் வந்த நொடியில் கணினியின் வேலை நினைவகம் வெறுமையாக இருக்கும். அதற்குள் ஒரு நிரலைக் கொண்டுவர வேண்டும் என்றால், கொண்டுவருகிற வேலையைச் செய்ய இன்னொரு நிரல் அங்கே ஏற்கனவே இருக்க வேண்டும். அதை யார் கொண்டுவருவது? 1952-இல் வந்த ஐபிஎம் 701 இதற்கு ஒரு பொத்தானை வைத்தது. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்து முதல் 36 பிட் மட்டும் உள்ளே வரும். அதற்குள் இருக்கும் கட்டளை அடுத்ததை இழுத்து வரும், அது அதற்கடுத்ததை இழுத்து வரும். 1975-இல் வந்த ஆல்டேர் 8800-இல் முன்பலகைச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில கட்டளைகளைக் கையாலேயே ஊட்ட வேண்டியிருந்தது. பூட்ஸ்ட்ராப் என்ற நீளச் சொல் நாளடைவில் தேய்ந்து பூட் ஆனது. வாரும் போய், இழுக்கிற கையும் போய், மிஞ்சியது காலணி மட்டும்தான். அதனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்கிறவருக்கு, ஆங்கிலம் தெரிந்திருந்தாலும்கூட, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் விளங்காது.

தமிழில் இது இன்னொரு குழப்பத்தையும் சேர்த்துக்கொண்டது. "பூட் ஆகலை" என்பது காதில் "பூட்டாகலை" என்று விழுகிறது. பூட்டு என்றால் கதவுப் பூட்டு. கணினியிலும் திரைப் பூட்டு, வட்டுப் பூட்டு என்று வேறு வேலைக்கு அந்தச் சொல் வேண்டும். வண்டி பூட்டுவது, ஏர் பூட்டுவது என்ற வழக்கை வைத்து, புறப்பட ஆயத்தம் செய்வதும் பூட்டுவதுதானே, ஒலியும் ஒத்துவருகிறதே என்று ஒருவர் வாதாடலாம். அழகான வாதம்தான். ஆனால் வட்டு பூட்டப்பட்டிருக்கிறதா, பூட் ஆகிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் அது நம்மைக் கைவிட்டுவிடும்.

மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் துவக்கு, துவக்கம் என்று நிறையப் பார்க்கலாம். தொடக்கம் என்பதே நேரான வடிவம் என்பது என் கட்சி. எங்கள் கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிர்க்கரையில், ஈழத் தமிழில், துவக்கு என்றால் துப்பாக்கி. மண்டபம் அகதிகள் முகாமில் வளர்ந்த பிள்ளையிடம் "துவக்கியைச் சரிசெய்" என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

தமிழில் தன்வினை, பிறவினை என்று இருக்கிறது. தானே செய்வது தன்வினை, இன்னொன்றைச் செய்ய வைப்பது பிறவினை. அடங்கு, அடக்கு. திரும்பு, திருப்பு. அதே வார்ப்பில் தொடங்கு, தொடக்கு. நாம் வாயால் சொல்கிற கிளம்பு, கிளப்பு என்பதும் அதே ஜோடிதான். எஞ்சின் வைத்த பைபர் படகில் கயிற்றைச் சுண்டி இழுக்கிறவர் எஞ்சினைக் கிளப்புகிறார், எஞ்சின் கிளம்புகிறது. கிளம்பவில்லை என்றால், இழுத்த இழுப்பில் குறையா, எஞ்சினில் குறையா என்று அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். பூட் என்ற ஒற்றைச் சொல் இந்தக் கேள்வியை எழுப்பாது.

ஆகவே எழுத்துக்கு நான் பயன்படுத்துவது: பூட்டிங் என்பதற்குத் தொடக்கம், இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரலான பூட்லோடருக்குத் தொடக்கி, எந்த வட்டில் முதலில் தேடுவது என்று சொல்லும் பூட் ஆர்டருக்குத் தொடக்க வரிசை, ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் வைக்கும் டூயல் பூட்டுக்கு இரட்டைத் தொடக்கம். பேச்சுக்குக் கிளம்பு, கிளப்பு போதும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இப்போது இந்த ஜோடியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கலாம். கணினியைக் கிளப்புவது ஒருவர் அல்ல, ஒரு வரிசை. ஆன் செய்ததும் மதர்போர்டு சிப்பில் உறைந்திருக்கும் நிலைபொருள் (ஃபர்ம்வேர்) முதலில் எழுந்திருக்கும். பழைய பெட்டியில் அதன் பெயர் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ. அது ரேம், கீபோர்டு, வட்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வட்டிலுள்ள தொடக்கியைக் கிளப்பும். தொடக்கி, இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கிளப்பும். கெர்னல் மற்றதையெல்லாம் கிளப்பும். ஒவ்வொருவரும் முதலில் கிளம்பி, அப்புறம் அடுத்தவரைக் கிளப்ப வேண்டும்.

பழைய பயாஸ் முறையில் இந்தக் கைமாற்றம் நடக்கிற இடம் நம்ப முடியாத அளவுக்குச் சின்னது. வட்டின் முதல் 512 பைட்டைத்தான் பயாஸ் படிக்கும். அதில் 64 பைட், வட்டை எந்தெந்தப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறது என்று சொல்லும் பகிர்வுப் பட்டியலுக்குப் போகும், கடைசி 2 பைட் அடையாள முத்திரை. தொடக்கிக்கு மிஞ்சுவது 446 பைட். இன்றைய யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் பிடிக்கும். கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள். அப்படியென்றால் அந்த இடத்தில் 148 குறிகள்தான் எழுதலாம், அதாவது இந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியத்துக்கே இடம் போதாது. அதனால் அங்கே உட்காரும் நிரல் தன் மிச்ச உடம்பை வட்டின் வேறு இடத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். பூட்ஸ் வார் கதை இன்னும் உயிரோடு இருப்பது இங்கேதான்.

லினக்ஸில் முன்பு லிலோ என்று ஒரு தொடக்கி இருந்தது. அது தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். எல் என்ற ஓர் எழுத்தோடு நின்றால் முதல் பாதி கிளம்பிவிட்டது, இரண்டாம் பாதியை ஏற்ற முடியவில்லை. எல், ஐ என்று இரண்டோடு நின்றால் இரண்டாம் பாதி வந்து சேர்ந்தது, ஆனால் கிளம்பவில்லை. நான்கு எழுத்தும் வந்தால் எல்லாம் சரி. கோளாறைச் சொல்வதில் இவ்வளவு நேர்மையான நிரல் குறைவு. இன்று அதன் இடத்தில் கிரப் இருக்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இந்தியாவில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரட்டைத் தொடக்கமாக வந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்ட அந்தக் கறுப்புத் திரைதான் நம் பிள்ளைகள் பலர் முதன்முதலாகப் பார்த்த தொடக்கி.

இனி கோளாறுகளுக்கு வருவோம். திரையில் எதுவுமே வரவில்லை, பீப் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் நிலைபொருளே முழுதாகக் கிளம்பவில்லை. புது இயங்குதளத்தின் மேல் பழி போட வேண்டாம். கடலோரத்தில் இதற்கு முதல் சந்தேகம் ரேம்தான். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்துப் பாருங்கள். பொன்னிறமாகப் பளிச்சென்று இருக்க வேண்டிய பற்கள் உப்புக் காற்றுக்கு மங்கியிருக்கும். பள்ளிக்கூட அழிரப்பரால் இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்திச் செருகினால் பல பெட்டிகள் எழுந்துவிடும். தேதி ஒவ்வொரு தடவையும் பழைய ஆண்டுக்குப் போகிறது என்றால், சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரியை மாற்ற வேண்டும். அது தீர்ந்தால் பழைய பலகைகளில் தொடக்க வரிசையும், நிலைபொருள் வட்டோடு பேசும் விதமான வட்டு முறையும் மறந்துபோகும். ஊருக்குப் போய்வந்து ஆன் செய்தால் கிளம்பவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் நிலைபொருள் கிளம்பிவிட்டது, கிளப்புவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பென்டிரைவைத் தயாரித்தபோது வட்டைப் பிரிக்கும் முறை ஜிபிடி-யா (பெரும்பாலும் யூஇஎஃப்ஐ-க்கு), எம்பிஆர்-ஆ (பெரும்பாலும் பயாஸுக்கு) என்று ரூஃபஸ் என்ற நிரல் கேட்டிருக்கும். பெட்டி பயாஸ் முறையில் இருக்க, பென்டிரைவை யூஇஎஃப்ஐ-க்கு மட்டும் தயாரித்திருந்தால் அது கண்ணிலேயே படாது. இன்டெல் பெட்டிகள் சிலவற்றில் வட்டு முறை ரெய்டு என்று இருக்கும். அப்போது லினக்ஸ் நிறுவிக்கு வட்டு தெரியாமல் போகலாம். ஏஹெச்சிஐ என்று மாற்றினால் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸ் வேண்டும் என்றால் ஆயத்தம் இல்லாமல் அதை மாற்றாதீர்கள்; விண்டோஸ் கிளம்பாது.

"கிரப் ரெஸ்க்யூ" என்று நின்றால் தொடக்கியின் முதல் பாதி கிளம்பி, மிச்ச உடம்பைத் தேடிக்கொண்டிருக்கிறது. வட்டில் பகிர்வை அழித்தாலோ நகர்த்தினாலோ இது வரும். வட்டில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவில் நுழைந்து கிரப்பை மறுபடி நிறுவினால் பெரும்பாலும் தீரும், லினக்ஸ் பகிர்வே அழிந்துபோகாமல் இருந்தால். கிரப்பை நிறுவுவதால் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, ஃபார்மட் அடிக்க அவசரப்பட வேண்டாம். "கெர்னல் பேனிக்" என்றால் கெர்னல்வரை எல்லோரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். பெரும்பாலும் இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் ரூட் பகிர்வைக் கெர்னலால் ஏற்ற முடியவில்லை.

கடைசியாக, தண்தொடக்கம், உடன்தொடக்கம் என்ற இரண்டு சொற்கள். அணைத்துவிட்டு ஆன் செய்வது தண்தொடக்கம், அணைக்காமல் ரீஸ்டார்ட் கொடுப்பது உடன்தொடக்கம். சொல் சரிதான், ஆனால் விண்டோஸ் 8 முதல் நடைமுறை தலைகீழாகிவிட்டது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் கெர்னலை வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. ஆன் செய்ததும் அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் புதிதாகக் கிளப்புவது ரீஸ்டார்ட் மட்டும்தான். டிரைவர் போட்டபின் கோளாறு தீரவில்லை என்றால் ஷட்டவுன் செய்து ஆன் செய்வதில் பயன் இல்லை, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். இரட்டைத் தொடக்கம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: விண்டோஸ் அப்படிப் பாதித் தூக்கத்தில் விட்டுப்போன பகிர்வில் லினக்ஸ் எழுத மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் குறியை எடுத்துவிட்டு, அப்புறம் லினக்ஸ் நிறுவலை ஆரம்பியுங்கள்.