எழுத்தைத் தின்னும் மை

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் தன் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை. "கரையானா, வீட்டில் ஏதும் தோஷமா?" என்று கேட்கிறார். கரையான் வரி பார்த்துத் தின்னாது. தோஷமும் இல்லை. தின்றது மைதான்.

அந்தக் காலத்து மையில் முக்கியமானவை இரண்டு: மாசிக்காய், கடுக்காய் போன்றவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட். ஜவ்வாது மலைக் கடுக்காய்க்கும் ஆம்பூர், வாணியம்பாடித் தோலுக்கும் உள்ள உறவு நம் பக்கத்தில் தெரிந்ததுதான். தோலில் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் அதே டானின், மையில் இரும்பைப் பிடிக்கிறது. எழுதும்போது வெளிறி இருக்கும்; காற்றுப் பட்டதும் இரும்பு ஒரு எலக்ட்ரானை இழந்து, டானினோடு இறுகிக் கன்னங்கரேலென்று ஆகிவிடும். தண்ணீர் பட்டாலும் எளிதில் அழியாது. அரசு எழுத்தர்கள் இதை நம்பியது அதனால்தான்.

ஆனால் அந்த வினை கந்தக அமிலத்தையும் விட்டுப்போகிறது. காகிதத்தின் செல்லுலோஸ், குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட மாலை. அமிலம் மணிகளுக்கு நடுவே நூலை அறுக்கிறது. டானினோடு சேராமல் மிஞ்சிய இரும்பு, ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு இன்னொரு பக்கம் அறுக்கிறது. அது வினையூக்கி, தீர்ந்துபோகாது. ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகம். பேனா அழுந்திய கொம்பும் சுழியும் முதலில் உதிரும்.

இதற்கு மருந்து உண்டு. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. முதலில் சோதனை: இரும்பைக் காட்டிக்கொடுக்கும் பாத்தோஃபெனாந்த்ரோலின் என்ற வேதிப்பொருள் ஊறிய தாள்துண்டை நனைத்து, ஆவணங்களைச் செப்பனிடுபவர்கள் எழுத்தின் மேல் வைப்பார்கள். மிஞ்சிய இரும்பு இருந்தால் துண்டு சிவக்கும். அப்புறம் கால்சியம் ஃபைட்டேட் குளியல். ஃபைட்டேட் நம் அரிசித் தவிட்டில் இருப்பதுதான். இரும்பை நண்டுபோல் கவ்வி, அதன் வேலையை நிறுத்திவிடும். கடைசியாகக் கால்சியம் பைகார்பனேட், அமிலத்தை முறிக்க.

1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி பற்றிய அரசு ஆவணங்கள் எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அக்கால அலுவலகங்களில் புழங்கியதும் இந்த வகை மைதான். மத்திய அரசின் 1993 பொதுப் பதிவேடுகள் சட்டம், தன் வரம்புக்குள் வரும் 1892க்கு முந்தைய பதிவேடு எதையும் அழிக்கக் கூடாது என்கிறது. பயன்படாத அளவுக்குச் சிதைந்தவை மட்டும் விலக்கு. மனிதனைச் சட்டம் தடுக்கும், இரும்பைத் தடுக்காது. ஸ்கேன் செய்யப் பணம் ஒதுக்கட்டும், நல்லதுதான். மூலத்தாளைக் காக்கும் வேதியியலாளர்களுக்கும் கட்டாயம் ஒதுக்க வேண்டும்.

சரி, குடியாத்தத்து நண்பருக்கு: லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், அமிலம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அமிலமில்லாத தாளுறையில் வைத்து, ஈரமும் சாம்பிராணிப் புகையும் படாத அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். பத்திரம் பதிவானதென்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு இந்த வாரமே மனுப் போடுங்கள்.